செவிலிய, மகப்பேறு செய்முறைப் பயிற்சி: யாரும் திட்டாத தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வார்டுக்கு வருகிறார்கள். தவறுகள் மட்டும் பழையவையாகவே இருக்கின்றன. கை கழுவ மறப்பது, ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டுவது, பெயரைச் சரிபார்க்காமல் மருந்து கொடுப்பது ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன. செய்தால் பக்கத்தில் நிற்பவர் உடனே அதட்டியும் விடுவார். எவரும் அதட்டாத தவறுகள்தாம் தேர்விலும் தேறி, வேலைக்கும் சேர்ந்துவிடுகின்றன.

தேர்வாளரிடம் ஒப்பிப்பது

ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975இல் ஆஸ்கி (OSCE) எனும் செய்முறைத் தேர்வுமுறையை முன்வைத்தபோது நோக்கம் நேர்மையானது: எல்லாருக்கும் ஒரே பணி, ஒரே அளவுகோல். இன்று மாணவர்கள் அந்த மதிப்பெண் பட்டியலையே மனப்பாடம் செய்துவருகிறார்கள். “என்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறேன், அனுமதி பெறுகிறேன், தனிமைக்குத் திரை இழுக்கிறேன்” என்று தேர்வாளரான என் முகத்தைப் பார்த்தே சொல்லி முடிக்கிறார்கள். கட்டிலில் படுத்திருக்கும் கர்ப்பிணியிடம் ஒரு சொல் இல்லை. அனுமதி அவரிடம் கேட்க வேண்டியது, அம்மா, என்னிடம் அல்ல. அப்படி ஒப்பித்துவிட்டு வயிற்றைத் தடவிப் பார்க்கத் தொடங்குபவர்களில் பலர், சிறுநீர் கழித்துவிட்டீர்களா என்று கேட்பதே இல்லை. நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையின் உயரத்தைக் கூட்டிக் காட்டும். பிறகு கர்ப்ப வாரக் கணக்கில் குழப்பம் வரும்.

எல்லாருக்கும் மூச்சு 20

எண்ணாமலே 20 என்று எழுதாதீர்கள். எண்ணுங்கள். முழு நிமிடம். பச்சைக் குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வரும் என்பதால் 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஏமாற்றிவிடும்.

பிறகு உட்கார்ந்து நிரப்பிய பார்ட்டோகிராஃப்

எனக்கு இன்னும் எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவரும் தாள்தான் பார்ட்டோகிராஃப். அது என்ன கேட்கிறது? அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பு, பத்து நிமிடத்தில் எத்தனை வலி என்ற கணக்கு, தாயின் நாடி. நான்கு மணிக்கு ஒருமுறை உள்பரிசோதனை. கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததிலிருந்து மணிக்கு 1 செ.மீ. என்று ஏறும் எச்சரிக்கைக் கோடு. அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் நடவடிக்கைக் கோடு. 1972இல் ஃபில்பாட்டும் காசிலும் இந்தக் கோடுகளை வகுத்ததன் காரணம், சிறிய பிரசவ மையத்தில் இருப்பவர் எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தாமதமின்றி முடிவெடுக்க வேண்டும் என்பதே. பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போது முடிவெடுக்க உதவும் தாள் அது. குழந்தை பிறந்தபிறகு நிரப்பினால் அதற்கு எந்தப் பயனும் இல்லை.

ஒரு விடியற்காலை ஷிஃப்ட் மாறும் நேரம். மாணவி கொடுத்த தாள் மிக அழகாக இருந்தது. இதயத்துடிப்பு 140, 142, 138, 140. திறப்பு எச்சரிக்கைக் கோட்டின்மீதே ஏறியிருந்தது. கடைசிப் பதிவு நாலரை மணி: 140. ஐந்து மணிக்குப் பொறுப்பேற்ற செவிலியர் வழக்கப்படி, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்லர் கருவியை வைத்தார். நூறுக்குக் கீழே. தாயைப் பக்கவாட்டில் திருப்பி, இன்னும் ஒரு நிமிடம் கேட்டார், ஏறவில்லை. மருத்துவர் ஓடிவந்து முதலில் கேட்டது, “எப்போதிலிருந்து இப்படி?” மாணவி தாளைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். நாலரைக்கு அவள் கேட்கவே இல்லை. நாலு மணிக்கும் இல்லை. வேறொரு கட்டிலில் வேலையாக இருந்துவிட்டு, ஷிஃப்ட் முடியப்போகிறது என்றதும் மொத்தமாக நிரப்பியிருந்தாள். பிறந்ததும் பை, முகமூடி வைத்து மூச்சூட்டியபிறகு குழந்தை அழுதது, பிழைத்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை.

மாணவியைத் திட்டுவது எளிது. அந்தத் தாளில் மூத்த செவிலியர் ஒருவரின் மேலொப்பமும் இருந்தது என்பதை யாரும் பேசவில்லை.

இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வெற்றுக் கட்டத்தைப் பார்ப்பவர் உடனே டாப்லரைத் தேடுவார். 140ஐப் பார்ப்பவர் அடுத்த கட்டிலுக்குப் போவார். அன்று அந்தச் செவிலியர் தாளை நம்பாமல் காதை நம்பினார், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் வார்டில் பிறப்பதில்லை, வகுப்பில் பிறக்கிறது என்பது என் கருத்து. நாம் கேட்கும் கேள்வியைப் பாருங்கள்: “காலை 6 மணிக்கு 4 செ.மீ., 10 மணிக்கு 7 செ.மீ., மதியம் 1 மணிக்குப் பிரசவம். கீழ்க்கண்ட விவரங்களைப் பார்ட்டோகிராஃபில் குறிக்கவும்.” பிரசவம் முடிந்துவிட்டது, எண்கள் கையில் இருக்கின்றன, கட்டத்தை நிரப்பினால் மதிப்பெண். பின்னால் உட்கார்ந்து நிரப்பும் கலையைத்தான் நாமே கற்றுக்கொடுக்கிறோம்! மருத்துவக் கல்வியாளர் மில்லர் திறமையை அளக்க 1990இல் வரைந்த பிரமிடில் அறிதல், எப்படிச் செய்வதென அறிதல், செய்துகாட்டுதல், பணியில் செய்தல் என நான்கு படிகள் உண்டு. அழகாகக் குறித்த தாள் இரண்டாம் படியைக்கூடத் தாண்டுவதில்லை.

மாற்றுவது கடினமல்ல. எண்களைத் தவணையாகக் கொடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்து விவரத்தைக் குறிக்கச் சொல்லி நிறுத்துங்கள். “இப்போது என்ன செய்வீர்கள்? அடுத்து எப்போது பார்ப்பீர்கள்? யாரை அழைப்பீர்கள்?” என்று கேட்டபிறகு அடுத்த எண்களைக் கொடுங்கள். அடுத்த தவணையில், ஆபத்தின் அறிகுறியாகப் பனிக்குட நீர் பச்சையாக வரட்டும். வார்டிலோ, ஷிஃப்ட் முடிவில் தாளைக் கேட்காதீர்கள். நடுவில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு என்று பன்னிரண்டு பதிவுகள் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்பு வழிகாட்டித் தாளில் அந்தக் கோடுகள் இல்லை. பிரசவத்தின் தீவிர கட்டம் 5 செ.மீ.இல் தொடங்குகிறது; அதே திறப்பில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று ஒவ்வொரு செ.மீ.க்கும் தனி வரம்பு: 5 செ.மீ.இல் 6 மணி நேரம், 9 செ.மீ.இல் 2 மணி நேரம் என்று. உடனிருக்கும் துணை, வலி நிவாரணம், தாய் அருந்திய நீர் ஆகியவற்றுக்கும் அதில் இடம் உண்டு. நல்ல தாள். ஆனால் கட்டங்கள் கூடியிருக்கின்றன. பின்னால் நிரப்புபவருக்கு எந்தத் தாளும் ஒன்றுதான்.

உண்மையிலேயே நேரம் கிடைக்காமல் போனால்? பார்த்த நேரத்தையும் எழுதிய நேரத்தையும் தனித்தனியே குறித்து, தாமதப் பதிவு என்று எழுதிக் கையொப்பமிடுங்கள். பார்க்காததை எழுதாதீர்கள்.

கையெழுத்து வேட்டை

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மகப்பேறு மாணவர் 40 பிரசவங்களைத் தாமே பார்க்க வேண்டும். தாய்மார் போதாத இடத்தில் 30 வரை குறைக்கலாம், அப்போது இன்னும் 20இல் உதவியிருக்க வேண்டும். எண்ணிக்கை எங்கே எதுவானாலும் மாணவர்கள் அதைத் துரத்துகிறார்கள். குழந்தையின் தலை தெரியும் நேரத்தில் ஐந்து பேர் உள்ளே நுழைகிறார்கள். நஞ்சுக்கொடி வெளிவரும்போது ஒருவர் மிஞ்சுகிறார். கேஸ் புத்தகத்தில் ஐந்து பேருக்கும் ஒரு பிரசவம்.

கையெழுத்திடும்முன் நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: “நஞ்சுக்கொடி முழுமையாக வந்ததா? எப்படித் தெரிந்தது?” அங்கே நின்றவர் எந்த மடல் கிழிந்திருந்தது, சவ்வு எப்படி இருந்தது என்று கையால் காட்டியே சொல்லிவிடுவார். மற்றவர் பாடநூலின் முதல் வரியிலிருந்து தொடங்குவார். அவருடைய புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பயிற்சிப் பொம்மைக்கு வலிக்காது

தாய்க்கு வலிக்கும். உள்பரிசோதனையில் கையை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

குறையை மாதக் கடைசியில் சொல்வது

இது ஆசிரியர்களுக்கு. அன்றே சொல்லுங்கள், தனியாக அழைத்து, தாய்க்குக் கேட்காத தூரத்தில்.