சீன ஏற்றுமதி வெள்ளி: முத்திரை பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வெள்ளிக் கரண்டியின் காம்பில் நடக்கும் சிங்கம், சிறுத்தை முகம், மன்னர் தலை, ஓர் ஆங்கில எழுத்து எல்லாம் இருந்தால் லண்டன் வேலை என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அது சீனாவின் கான்டனில், அதாவது இன்றைய குவாங்சோவில், செய்த சரக்காகவும் இருக்கலாம்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே அங்குள்ள பட்டறைகள் மேற்கத்திய வணிகர்களுக்காக வெள்ளிச் சாமான்கள் செய்தன. மாதிரிக்கு வந்த ஆங்கிலேயச் சாமானைப் பார்த்துச் செய்தபோது அதிலிருந்த முத்திரையையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். லண்டனில் எலி, ஃபெர்ன், சானர் என்ற மூன்று வில்லியம்கள் 1808-இல் பதிவு செய்த கூட்டு முத்திரை 'டபிள்யூ ஈ, டபிள்யூ எஃப், டபிள்யூ சி'. சில கான்டன் சாமான்களில் அது 'டபிள்யூ ஈ, டபிள்யூ ஈ, டபிள்யூ சி' என்று இருக்கும். எஃப்-க்கு அடியில் ஒரு கோடு கூடி ஈ ஆகிவிட்டது. லென்ஸ் இல்லாமல் பார்த்தால் அந்தக் கோடு கண்ணில் படாமலே போய்விடும்.

இப்படிப்பட்ட சாமானில் உள்ள தேதி எழுத்தை, அதாவது செய்த வருடத்தைக் குறிக்கும் எழுத்தை, ஆங்கிலேய அட்டவணையில் தேடி வருடம் குறிப்பது வீண் வேலை. இங்கிலாந்தில் தரம் சோதித்து முத்திரை வைக்க அலுவலகங்கள் இருந்தன. கான்டனில் அப்படி எதுவும் கிடையாது. கடையும் பட்டறையும் வைத்ததுதான் முத்திரை.

பிற்காலச் சாமான்களில் ஆங்கில எழுத்துகள், '90' என்ற எண், சிறிய சீன முத்திரை மூன்றும் சேர்ந்து வரும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'டபிள்யூ ஹெச்' என்றால் வாங் ஹிங். ஆனால் அது விற்ற கடையின் பெயர். செய்த கை யாருடையது என்பதைப் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சீன முத்திரைதான் சொல்லும். ஒரே கடைப் பெயரோடு வெவ்வேறு பட்டறைகளின் முத்திரைகள் வருவதும் சகஜம். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். சில சமயம் அந்தச் சீன எழுத்துகளுக்குத் தூய வெள்ளி என்றுதான் பொருள். அதை ஆள் பெயராக எடுத்துக்கொண்டால் தேடல் எங்கோ போய்விடும். ஆங்கில எழுத்து நேராக இருந்தாலும் சீன முத்திரை தலைகீழாக இருக்கலாம். முத்திரையின் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகு தெரிந்த முத்திரைகளோடு ஒப்பிடுங்கள்.

'90' என்பது 1890 அல்ல, எடையும் அல்ல. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. ஸ்டெர்லிங் என்ற ஆங்கிலேய வெள்ளித் தரத்தில் அது 92.5 பங்கு. எண் இல்லை என்பதற்காக முலாம் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

காலம் கணிக்க ஊர் உதவும். 1842-இல் பிரிட்டனும் சீனாவும் செய்த நான்கிங் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் ஷாங்காய் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தது. ஷாங்காய் கடை முத்திரையுள்ள ஏற்றுமதிச் சாமானை 1820 என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. 'சைனா' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. சொல் இல்லாததை வைத்து முந்தையது என்று சொல்ல முடியாது. அமெரிக்கா போகாத சரக்கும் ஏராளம்.

அப்புறம், போலிகள். அடித்த முத்திரையின் ஓரம் கூர்மையாக இருக்கும்; தகடு மெல்லியதானால் பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். வார்ப்பில் வந்த முத்திரை மழுங்கலாக, ஓரங்களில் நுண்குழிகளோடு தெரியும். ஆனால் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டால் அசலும் அப்படித்தான் மழுங்கிப்போகும். அதனால் முத்திரை இருக்கும் இடத்தைத் தேய்க்காமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழவைத்துப் படம் எடுங்கள்.