கப்பி மீனுக்குச் சிவப்புப் புழுவா? கண்டுபிடித்து விரட்டும் முறை

பினாங்கில் புதிதாக மீன்தொட்டி வைப்பவர்களில் பலர் கப்பியில்தான் ஆரம்பிக்கிறார்கள். விலை குறைவு, நம் வெயிலுக்கு ஒத்துவரும், குட்டியும் போடும். அந்தக் கப்பியை அடிக்கடி பிடிப்பது கமல்லானஸ் என்ற உருளைப்புழு. சீக்கிரம் கவனித்துவிட்டால் பெரும்பாலான மீன்களைக் காப்பாற்றிவிடலாம்.

முதலில், புழுதானா என்று பாருங்கள்

மீன் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து அதன் ஆசனவாயைக் கவனியுங்கள். புழு இருந்தால், அடர்சிவப்பு நூல் இரண்டு மூன்று, சில மில்லிமீட்டர் நீளத்துக்கு விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். மீன் சட்டென்று நீந்தினால் உள்ளே போய்விடும். மலம் என்றால் மீனோடு ஆடி, கொஞ்ச நேரத்தில் அறுந்து விழும். சிவப்புத் தீனி போட்ட நாளில் மலமும் சிவப்பாக வரும், அதனால் பல முறை பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

வெளியே தெரிவது வளர்ந்த பெண் புழு. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கிறது. இடுக்கியால் இழுக்காதீர்கள், குடல் கிழிந்துவிடும். இது முட்டையிடாமல், உயிருள்ள இளம்புழுக்களையே தண்ணீரில் விடும். சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிர் அவற்றைத் தின்னும், அதை மீன் தின்னும். சைக்ளாப்ஸ் இல்லாத தொட்டியிலும் மீனுக்கு மீன் நேராகப் பரவக்கூடியது இந்தப் புழு. ஆகவே ஒரு மீனில் தெரிந்தாலும் தொட்டி முழுவதற்கும் மருந்து போட வேண்டும்.

சரியான மருந்தும் அளவும்

தேவையான மருந்து லெவாமிசோல். பொதுவாக 'புழு மருந்து' என்று கேட்டால் பிராசிகுவாண்டல் கிடைக்கலாம். தட்டைப்புழுவுக்கும் நாடாப்புழுவுக்கும் அது நல்ல மருந்து, இந்த உருளைப்புழுவுக்கு வேலை செய்யாது. உப்பும் கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையும்கூட இதை அழிக்காது. மீன் கடையில் கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

வழக்கமான அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். தொட்டியின் உள்ளளவை எடுங்கள்: நீளம் 60, அகலம் 30, தண்ணீர் உயரம் 25 செ.மீ. என்றால் பெருக்கி 1000-ஆல் வகுக்க 45 லிட்டர். அதற்கு 90 மில்லிகிராம் லெவாமிசோல் போதும். ஆனால் பொட்டலத்தில் இருப்பது 10 சதவீதத் தூள் என்றால் 0.9 கிராம் தூள் எடுக்க வேண்டும். லேபிளில் உள்ள சதவீதத்தைப் படிக்காமல் அளக்கவே கூடாது. கரண்டிக் கணக்கு வேண்டாம், சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்து போடும் நாள்

ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும். மாலையில் தூளை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் பரவலாக ஊற்றுங்கள். வெளிச்சத்தில் மருந்து கெட்டுப்போகும், எனவே விளக்கை அணைத்துத் தொட்டியைத் துணியால் மூடுங்கள். காற்றுக் குழாய் ஓடட்டும்.

அடுத்த நாள் வேலைதான் முக்கியம். இந்த மருந்து புழுவை முடக்குகிறது, பிடி தளர்ந்து மலத்தோடு அடியில் விழும். அப்படியே விட்டால் மீன் தின்றுவிடலாம். 24 மணி நேரம் கழித்து சைஃபன் குழாயால் சரளைக்கல்லைக் கிளறிக் கிளறி உறிஞ்சி, பாதித் தண்ணீரையாவது மாற்றுங்கள். புதுக் குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கி கட்டாயம். கழிவுத் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். வீட்டுக்கு வெளியே உள்ள லோங்காங்கில் (சாக்கடைக் கால்வாயில்) காட்டுக் கப்பிகள் இருக்கும், அங்கே விடாதீர்கள்.

திரும்பவும் ஒரு முறை

மூன்று வாரம் கழித்து இதையே அப்படியே செய்யுங்கள். முதல் சுற்றில் தப்பிய இளம்புழுக்கள் அதற்குள் வளர்ந்திருக்கும். சிவப்பு நூல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இரண்டாம் சுற்றைத் தவிர்க்க வேண்டாம். அப்புறம், வயிறு ஒட்டி முதுகு வளைந்துபோன மீன் மருந்துக்குப் பிறகும் பிழைக்காமல் போகலாம். மற்ற மீன்களுக்காக சிகிச்சையை முழுசாக முடியுங்கள்.

வலையையும் சைஃபனையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். புதிதாக வாங்கும் கப்பியை, குறிப்பாகப் பிள்ளைகள் லோங்காங்கில் பிடித்து வருவதை, மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்து, ஆசனவாயைப் பார்த்தபிறகு மற்றவற்றோடு சேருங்கள்.