உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் வார்டையும் பெயரையும் கண்டுபிடிப்பது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு செய்முறை

2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. காலை ஏழரைக்கே அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பத்து மாதத்துக்கு முன் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட அதே பள்ளிக்கூடம். அப்போது தந்த பூத் சிலிப்பைக்கூட அம்மா பர்ஸில் நான்காக மடித்துப் பத்திரமாக வைத்திருந்தார். வரிசையில் நின்று உள்ளே போனால், மேசையில் இருந்தவர் பட்டியலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "அம்மா, உங்க பேரு இதுல இல்லையே" என்றார். அடுத்த அறையிலும் இல்லை. வெளியே பந்தல் போட்டிருந்தவர்கள் வேறொரு பள்ளியைக் காட்டினார்கள். அங்கேயும் இல்லை. கடைசியில் மூன்றாவது இடத்தில் பெயர் கிடைத்தபோது மணி பத்தேகால். "எங்க போடணும்னு பாத்தியான்னு நான் அப்பமே கேட்டேம்லா" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

அந்த இரண்டே முக்கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. 2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. நகர்ப்புறத்தில் 2022-ல் வந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுக் கணக்கு 2027 தொடக்கத்தோடு சரி. அடுத்த தேர்தலுக்கு முந்தின நாள் இரவு தேடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகச் செய்துவிடுங்கள். வாக்காளர் அட்டை வாங்குவது எப்படி என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அட்டை கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி: நீங்கள் எந்த உள்ளாட்சியில் இருக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். மற்ற மாவட்டங்களில் இது கேள்வியே இல்லை. நம் மாவட்டத்தில் இதுதான் முதல் சிக்கல். நாகர்கோவில் மாநகராட்சி ஒன்று. குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு என்று நகராட்சிகள் நான்கு. பேரூராட்சிகள் 51. கிராம ஊராட்சிகள் 95. தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் பத்தில் ஒன்று இந்தச் சின்ன மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ரப்பர் தோட்டம், மறுபக்கம் குளம், நடுவில் நாலு வீடு. யாரைக் கேட்டாலும் "எங்க கிராமம்" என்பார்கள். அரசுக் கணக்கில் அது பேரூராட்சியாக இருக்கும்.

இதில் என்ன வந்தது என்றால், ஓட்டு எண்ணிக்கையே மாறிவிடும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றால் உங்களுக்கு ஒரே ஓட்டு, வார்டு உறுப்பினருக்கு. கிராம ஊராட்சி என்றால் நான்கு ஓட்டு. தேர்தல் தேதியும் வேறு. ஊரகத் தேர்தல் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, பேரூராட்சியில் இருந்துகொண்டே பெயர் தேடி ஏமாந்த ஒருவரை எனக்குத் தெரியும். என் மாமாதான்.

தபால் முகவரியை நம்பாதீர்கள். அஞ்சலகம் ஒரு பேரூராட்சியில் இருக்கும், அது கடிதம் கொடுக்கும் வீடுகளில் பாதி பக்கத்து ஊராட்சியில் இருக்கும். வருவாய் கிராமத்தின் பெயரும் உதவாது. நம்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான், வீட்டு வரி ரசீது. அதன் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் உள்ளாட்சி. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு போட்டோ கேளுங்கள்.

ரசீது புதியதாக இருக்க வேண்டும், இது முக்கியம். எங்கள் வீடு தெங்கம்புதூரில். முன்பு அது தனிப் பேரூராட்சி. ஆளூரையும் தெங்கம்புதூரையும் நாகர்கோவில் மாநகராட்சியோடு சேர்த்த பிறகும் அம்மாவுக்கு அது "நம்ம பஞ்சாயத்து"தான். ஏழுதேசம் கொல்லங்கோட்டோடு சேர்ந்து நகராட்சி ஆனதும் இதே மாதிரிதான். அங்கே 2019 ரசீதை வைத்துத் தேடினால் இல்லாத பேரூராட்சியைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: வார்டு எண்

நான் விழுந்த குழி இதுதான். நம் ஊரில் வீட்டு எண் எப்படி இருக்கும்? 9/84 ஏ என்று நிலைக்கு மேலே ஒரு தகரத்தில் எழுதி ஆணி அடித்திருக்கும். முதல் எண் வார்டு, அடுத்தது வீடு. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்ததால், எங்கள் வார்டு ஒன்பது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. ஆதார் அட்டையிலும் அதே எண், ரேஷன் கார்டிலும் அதே எண்.

தகரத்தில் இருப்பது அந்தத் தகரம் அடித்த காலத்து வார்டு. பேரூராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தபோது வார்டுகளை மறுவரையறை செய்து, மொத்தம் 52 வார்டுகளாக வகுத்தார்கள். எல்லைக் கோடு சானல் (பாசனக் கால்வாய்) ஓரமாகப் போனது, எங்கள் வீடு சானலுக்கு இந்தப் பக்கம் வந்தது, வார்டு எண் மாறியது. நிலைக்கு மேலே இருந்த தகரத்தை மாற்ற யாரும் வரவில்லை. இன்றைக்கும் 9/84 ஏதான்.

சரி, புது எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி? வார்டு மறுவரையறை அறிவிக்கையை அலுவலகத்தில் பார்க்கலாம். ஆனால் அது வடக்கில் இன்ன ரோடு, கிழக்கில் இன்ன கால்வாய் என்று பத்திரம் எழுதுவது போல எழுதியிருக்கும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒரு ஆவண எழுத்தர் வேண்டும். சுருக்கு வழி: பக்கத்து வீட்டில் யாராவது போன தேர்தலில் சரியான இடத்தில் ஓட்டுப் போட்டிருப்பார்கள், கேட்டுவிடுங்கள். அல்லது உங்கள் கவுன்சிலர் யார் என்று கேளுங்கள். குழாயில் தண்ணீர் வராதபோது தெருவே யாரிடம் போய் நிற்கிறதோ, அவருடைய வார்டுதான் உங்கள் வார்டு. அடுத்த படியில் எப்படியும் சரிபார்க்கப் போகிறோம்.

மூன்றாம் படி: பட்டியலில் பெயர்

இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டையும் நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சியை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டும் வேறு வேறு அமைப்புகள், வேறு வேறு இணையதளங்கள். 1992-ல் நிறைவேறிய 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கென்று மாநில அளவில் தனி ஆணையத்தை ஏற்படுத்தின. நாம் எல்லாரும் போனில் வைத்திருக்கும் வோட்டர் ஹெல்ப்லைன் செயலி இந்தியத் தேர்தல் ஆணையத்துடையது. அதில் வரும் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி மூன்றும் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும்தான். அன்று காலை நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது அந்தச் சாவடிக்குத்தான்.

பெயர்கள் அதே பட்டியலிலிருந்துதான் வருகின்றன. மாநில ஆணையம் சட்டமன்றப் பட்டியலை எடுத்து, வார்டு வாரியாகப் பிரித்து, புதிதாக வரிசை எண் போடுகிறது. அம்மாவின் பெயர் சட்டமன்றப் பட்டியலில் அறுநூற்றுச் சொச்சத்தில் இருந்தது, வார்டு பட்டியலில் இருநூறுக்குள் வந்துவிட்டது. ஆள் அதே, அட்டை அதே, எண் மட்டும் வேறு.

தேர்தல் நெருங்கும்போது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்துச் சாவடியைத் தேடலாம். 2022-ல் இந்த வசதி இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பெயரைத் தட்டித் தேடவே தேடாதீர்கள். நம் ஊரில் ஒரு வார்டில் எத்தனை மேரி, எத்தனை சுயம்பு, எத்தனை தங்கம்! அட்டை எண் மட்டும் போதும். மூன்று ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். எழுத்துக்குப் பின்னால் வருவது பூச்சியம், ஆங்கில ஓ அல்ல. இதிலேயே கால் மணி நேரம் போக்கியவன் நான்.

அப்புறம், வார்டு பட்டியலையே இறக்கிப் பார்த்துவிடுங்கள். போனில் வேண்டாம், கணினியில். என் கைக்கு வந்த கோப்பு படமாக இருந்தது, தேடல் பெட்டியில் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது. நான் பிரிண்ட் எடுத்து, ஒரு ஸ்கேலை வரிக்கு வரி கீழே நகர்த்திப் பார்க்கிறவன். பழைய பாணிதான், ஆனால் கண் தாவாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைத் தொடவே மாட்டேன். அது எந்த வருடத்துப் பட்டியல் என்பது அனுப்பியவருக்கே தெரியாது.

பட்டியல் தெரு வாரியாக இருக்கும். இதிலும் ஒரு நாஞ்சில் நாட்டுக் குழப்பம் உண்டு. நாம் சொல்லும் பெயர் விளை. பனவிளை, புத்தன்விளை என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்வோம். பட்டியலில் அது மேலத்தெரு என்றோ, ஏதோ ரோடு என்றோ இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பெயரைப் பிடித்துவிட்டால் தெரு கிடைத்துவிடும். தெரு கிடைத்தால் உங்கள் பெயரும் கிடைத்த மாதிரிதான்.

நான்காம் படி: பெயர் இல்லாவிட்டால்

முதலில் சட்டமன்றப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்து, வார்டு பட்டியலில் மட்டும் இல்லை அல்லது வேறு வார்டில் போயிருக்கிறது என்றால், உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேரூராட்சியில் செயல் அலுவலர், மாநகராட்சியில் ஆணையர். இரண்டிலும் இல்லையென்றால் வேர் அங்கேதான், சட்டமன்றப் பட்டியலில். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. வீடு மாறியது, பெயரில் பிழை என்றால் படிவம் 8. அங்கே சரியானால்தான் இங்கே வரும். 1950 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் கேட்கலாம்.

ஐந்தாம் படி: ஓட்டுப் போடும் நாள்

வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் இவற்றில் ஒன்று போதும். பூத் சிலிப் அடையாள ஆவணம் அல்ல.

அன்று சாவடியில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டா இயந்திரத்தில் பொத்தானை அழுத்திவிட்டு நகராமல் அங்கேயே நின்றார். "இன்னொரு மெஷின் எங்க மக்கா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2011 உள்ளாட்சித் தேர்தலில் தலைவருக்கு ஒன்று, உறுப்பினருக்கு ஒன்று என்று போட்டவர். 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத்தோடு கன்னியாகுமரி நாடாளுமன்ற இடைத்தேர்தலும் சேர்ந்து வந்ததால் அப்போதும் இரண்டு இயந்திரம். 2022-ல் ஒன்றுதான். மேயரையும் தலைவரையும் ஜெயித்த கவுன்சிலர்கள்தான் உள்ளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நாகர்கோவிலில் அந்த மார்ச் 4 அன்று தி.மு.க.வின் மகேஷுக்கு 28 ஓட்டு, பா.ஜ.க.வின் மீனாதேவுக்கு 24 ஓட்டு. வித்தியாசம் நான்கு. "கவுன்சிலர் ஓட்டுதானே, போடாட்டா என்ன" என்று சொல்லும் ஆட்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்துப் போடுவேன்.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இயந்திரம் இல்லை, வாக்குச்சீட்டு. 2019-ல் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம். தலைவர், வார்டு உறுப்பினர் சீட்டுகளில் கட்சிச் சின்னம் இருக்காது. பூட்டு சாவி மாதிரி ஏதாவது இருக்கும், வேட்பாளரின் சின்னத்தை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மை மறுபக்கம் ஒட்டாதபடி மடியுங்கள்.

பின்சேர்க்கை 1: பலர் அட்டை எண்ணைப் போட்டால் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் சாய்கோடுகளோடு நீளமான எண் இருந்தால் அது பழைய அட்டை. இதற்கு மட்டும் என் விதியை மீறி, இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், அப்பா பெயர், வயது கொடுத்துத் தேடுங்கள். புது எண் அங்கே கிடைக்கும், அதை வைத்துத் தொடருங்கள்.

பின்சேர்க்கை 2: 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. அதற்கு முன் எடுத்து வைத்த பிரிண்ட், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள், என்னுடையது உட்பட. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் மாறியிருக்கலாம். அம்மாவின் பர்ஸில் இருந்த அந்தச் சிலிப்பை நானே வாங்கிக் கிழித்தேன்.

பின்சேர்க்கை 3: ஒரே வீட்டில் கணவர் ஒரு வார்டு, மனைவி இன்னொரு வார்டு என்று குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு மைனி எழுதியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு பட்டியலில் பெயரைப் புது முகவரிக்கு மாற்றாமல் விட்டிருந்தால் இப்படித்தான் ஆகும், படிவம் 8 போடுங்கள். ஏற்கெனவே மாற்றியும் இப்படி இருக்கிறது என்றால் வார்டு பிரித்ததில் வந்த தவறு, அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்காமல் வந்து, மறுபடியும் ஒரு அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று.