துப்பாக்கி ஸ்டாக் ரீஃபினிஷ் பண்றப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள், முக்கியமா அந்த உப்புத்தாள்

துப்பாக்கியோட ஸ்டாக்க, அதாவது தோள்ல வச்சுப் பிடிக்கிற மரப்பாகத்த, பழைய வார்னிஷ எடுத்துட்டு மறுபடி மெருகேத்துற இந்த ஹாபிக்குப் புதுசா வர்றவங்க எல்லாரும் நாங்கல்லாம் விழுந்த அதே குழியிலதான் வந்து விழுறாங்க. துப்பாக்கியில குண்டு இல்லன்னு பாத்துக்கணும்ங்கிறதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, விட்டுடுறேன்.

பழைய வார்னிஷ உப்புத்தாள் போட்டு எடுக்கிறது

இதப் பாத்தா எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும். செஞ்சவன் மரத்த மெட்டலோட சமமா, இல்லன்னா ஒரு மயிரிழை தூக்கலா நிக்கிற மாதிரி பொருத்தியிருப்பான், நீங்க 80 நம்பர் தாள (நம்பர் குறையக் குறைய சொரசொரப்பு ஜாஸ்தி) எடுத்து வார்னிஷ் போற வரைக்கும் தேய்ச்சீங்கன்னா கூடவே மரமும் போயிடும், போறது கண்ணுக்குத் தெரியாது, திருப்பி மாட்டுறப்போதான் தெரியும். அப்படித்தான் ஒருத்தர் ஒரு பழைய வால்நட் ஸ்டாக்க கொண்டு வந்து "எப்டி வழவழன்னு இருக்கு பாருங்கண்ணே"ன்னாரு. வழவழன்னுதான் இருந்துச்சு, தேஞ்ச சோப்புக்கட்டி மாதிரி ஒரு ஓரம் மிச்சமில்லாம. பட் பிளேட் (ஸ்டாக்கோட பின்முனைய மூடுற தகடு) சுத்திலும் வெளிய துருத்திக்கிட்டு நிக்குது, ரிசீவர் (ஸ்டாக் பொருந்துற நடு மெட்டல் பாகம்) ஓரத்துல நகம் மாட்டுது. இனிமே என்ன பண்றது, பட் பிளேட்ட வேணா அரைச்சுச் சின்னதாக்கலாம், ரிசீவர அரைக்க முடியுமா?

பெயின்ட் ரிமூவர் பூசி ஊறவிட்டு பிளாஸ்டிக் தகடால வழிச்சா அதுவே வந்துடும் (கிளவுஸ் போட்டுக்கோங்க, காத்தோட்டமா உக்காருங்க). அப்புறம் தேவைப்பட்டா மட்டும் 220, அதுவும் தாளுக்குப் பின்னாடி மரக்கட்டை வச்சு. வெறும் விரலால அழுத்தித் தேய்ச்சா அலையலையா குழி விழும். பட் பிளேட்ட கழட்டாம, டேப் ஒட்டி வச்சே அந்தப் பக்கம் தேய்ங்க.

செக்கரிங் (பிடி வழுக்காம இருக்க மரத்துல வெட்டுன குறுக்குக்கோடுகள்) மேல உப்புத்தாள்

கூடவே கூடாது. ரிமூவரும் பழைய டூத் பிரஷும் போதும்.

அடிபட்ட பள்ளத்த தேய்ச்சு சமமாக்குறது

பள்ளம் அளவுக்குச் சுத்தி இருக்கிற மரத்தையும் இறக்கப் போறீங்களா? ஈரத்துணிய வச்சு மேல சூடான அயர்ன் பாக்ஸ அழுத்துனா நசுங்குன நார் ஆவியில ஊறி மேல வரும். நார் அறுந்திருந்தா மட்டும் வராது.

தண்ணி காட்டாம ஆயில் போடுறது

கடைசித் தேய்ப்புக்கு முன்னாடி ஈரத்துணியால ஒரு தடவ தொடைச்சுக் காயவிட்டா சொரசொரன்னு நார் எழும்பும், அத 320ல லேசா எடுத்துடுங்க. இத விட்டுட்டா பின்னாடி ஈரம் படுறப்போ தானா எழும்பும்.

ஆயில தடிமனா பூசுறது

பாயில்டு லின்சீட் ஆயில (சீக்கிரம் காயுற மாதிரி பதப்படுத்துன ஆளிவிதை எண்ணெய்) மெல்லிசா பூசி, கொஞ்ச நேரத்துல மிச்சத்த சுத்தமா தொடைச்சு, நல்லா காய்ஞ்ச பிறகு அடுத்த கோட். அவசரப்பட்டு அப்பிவச்சா பிசுபிசுன்னு தூசி பிடிச்சு நிக்கும். பாயில்டு கேட்டு வாங்குங்க, பச்சை லின்சீட் காயவே காயாதோன்னு தோணும்.

உள்பக்கத்த மறக்கிறது

வெளிய பளபளக்கும், பட் பிளேட்டுக்கு அடியில மரம் ஆயில் படாம வெறுமனே கிடக்கும். ஈரம் அந்த வழியாதான் ஏறும்.

ஆயில் துணிய சுருட்டிப் போடுறது

தானா சூடாகித் தீப்பிடிக்கும், மிரட்டுறதுக்குச் சொல்லல. விரிச்சு வெளிய காயப்போடுங்க, இல்லன்னா தண்ணி ஊத்துன தகர டப்பாவுல போட்டு மூடுங்க.