காப் கோணத்தை அளக்கும் மென்பொருளைச் சரிபார்க்கும் முறை

முதுகெலும்பின் பக்கவளைவை எக்ஸ்ரேயில் அளக்கும் முறையை அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948இல் விவரித்தார். வளைவின் இரு முனைகளிலும் மிக அதிகமாகச் சாய்ந்த முள்ளெலும்புகளைத் தேர்ந்து, மேலுள்ளதன் மேல்விளிம்பிலும் கீழுள்ளதன் கீழ்விளிம்பிலும் கோடிட்டு, அக்கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்க வேண்டும்; இதுவே காப் கோணம். வளரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக 25 பாகையை ஒட்டியே பிரேஸ் (முதுகைத் தாங்கிப் பிடிக்கும் கவசம்) பற்றிய பேச்சு எழுவதால், சில பாகைப் பிழைகூட சிகிச்சையை மாற்றிவிடும். எனவே எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்பதைச் சோதனைக்கு முன்பே மருத்துவர்களுடன் பேசி எழுதிவைக்கவும். முடிவைப் பார்த்தபின் வரம்பு வகுப்பது சரிபார்ப்பு ஆகாது.

முதலில் நோயாளிகளின் படங்களை ஒதுக்கிவைத்து, 10, 25, 40 பாகை எனத் தெரிந்த கோணங்களில் வரைந்த படங்களை மென்பொருளுக்குக் கொடுங்கள். படத்தைச் சுழற்றினாலும், எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கினாலும் கோணம் மாறக் கூடாது. அகலமும் உயரமும் சமமல்லாத பிக்சல் கொண்ட டைகாம் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிக்சல் இடைவெளியைப் படிக்காத மென்பொருள் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். அதே மென்பொருள் நீளத்தையும் அளக்குமானால், உருப்பெருக்கமும் கணக்கில் வரும்: உடலோடு ஒட்டிவைத்த 25 மில்லிமீட்டர் உலோகக் குண்டு படத்தில் 30 மில்லிமீட்டராகத் தெரிந்தால், அதே தளத்தில் உள்ள எலும்பும் 20 விழுக்காடு பெரிதாகவே தெரிகிறது.

அடுத்து மனித அளவீட்டின் தடுமாற்றத்தை அறிய வேண்டும். பலரும் தவிர்க்கும் படி இதுதான். அனுபவமுள்ள இரண்டு மூன்று மருத்துவர்கள், ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமல் அளந்து, சில வாரங்கள் கழித்து, வரிசை மாற்றிய அதே படங்களை மறுபடியும் அளக்கட்டும். முனை முள்ளெலும்பைத் தேர்வதிலேயே கருத்து வேறுபடுவதால், கைதேர்ந்தவர்களிடையேயும் 5 பாகை வரை வேறுபாடு சாதாரணம். ஒருவரின் அளவை மட்டும் உண்மையெனக் கொண்டால், அவருடைய பிழையும் மென்பொருளின் கணக்கில் ஏறிவிடும்.

மென்பொருளின் அளவை மருத்துவர்களின் அளவோடு ஒப்பிடும்போது ஒட்டுறவுக் கெழுவை (இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) நம்ப வேண்டாம். எப்போதும் 5 பாகை கூட்டிச் சொல்லும் மென்பொருளுக்கும் கெழு 1 என்றே வரும். ஆனால் 22 பாகை உள்ள சிறுமிக்கு அது 27 என்று சொல்லும். புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் லான்செட் மருத்துவ இதழில் விளக்கியபடி, ஒவ்வொரு படத்திலும் இரு அளவுகளுக்கிடையிலான வேறுபாட்டைக் கணக்கிட்டு, சராசரியையும் அதன் இருபுறமும் 1.96 மடங்கு திட்டவிலக்கத்தையும் (வேறுபாடுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) காணுங்கள். சராசரி 0.5, திட்டவிலக்கம் 3 பாகை என்றால், பெரும்பாலான வேறுபாடுகள் −5.4 முதல் +6.4 வரை அமையும். முன்பு எழுதிவைத்த வரம்போடு ஒப்பிட வேண்டியவை இந்த இரு எண்களே.

தெளிவான படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் இந்த எண்கள் அழகாகத்தான் வரும். திருகாணி பொருத்திய முதுகு, மங்கலான மார்புப் பகுதி, கூடுதல் முள்ளெலும்பு, இடவலம் மாறிய படம் ஆகியவையும் தொகுப்பில் இருக்கட்டும். அவற்றில் மென்பொருள் அளக்க மறுத்த படங்களை விலக்கிவிடாமல் தனியே எண்ணிக் காட்டுங்கள். பதிப்பு எண்ணைக் குறித்துவைத்து, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் இதே தொகுப்பை மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.