இன்ஜினைச் சுற்றியுள்ள கவர்கள்: எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக்கூடாது

இப்போது வரும் கார்களில் பானட்டைத் திறந்தால் இன்ஜின் கண்ணிலேயே படாது, கம்பெனி பெயர் போட்ட ஒரு பெரிய கறுப்பு பிளாஸ்டிக்தான் தெரியும். இதுதான் இன்ஜின் என்று நினைத்துக்கொண்டு மூடிவிடுகிறவர்கள் நிறைய பேர். அப்புறம் ஒருநாள் மெக்கானிக் "டேப்பட் கவர்ல லீக் இருக்கு சார், கேஸ்கட் மாத்தணும்" என்று சொன்னால் அந்தப் பிளாஸ்டிக்கைச் சொல்கிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று தெரியாமல் தலையாட்டிவிட்டுப் பணம் கட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு கவரும் எதையோ உள்ளே பிடித்து வைக்கிறது, இல்லையென்றால் எதையோ வெளியே தடுக்கிறது. அது ஆயிலா, தண்ணீரா, சூடா, சத்தமா என்று தெரிந்தால் எதை நீங்களே கழற்றலாம், எதைக் கழற்றினால் புது கேஸ்கட் (கசிவை அடைக்கும் பட்டை) இல்லாமல் திரும்ப மாட்ட முடியாது என்பது புரிந்துவிடும்.

மேலிருந்து ஆரம்பிப்போம். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் டாப் கவர் பெரும்பாலும் சத்தத்தைக் குறைக்கத்தான். டீசல் இன்ஜினில் இன்ஜெக்டர் போடும் டிக்டிக் சத்தம் உள்ளே வராமல் இருக்க அதன் அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். பல கார்களில் இதற்கு போல்ட் கிடையாது, நாலு மூலையிலும் ரப்பர் புஷ்ஷில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு ஒவ்வொரு மூலையாக நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். ஒரே பக்கத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், வருஷக்கணக்கில் சூட்டில் இருந்த பிளாஸ்டிக் சட்டென்று உடையும். தூக்கும்போது ஏதாவது ஹோஸோ ஒயரோ சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், சில கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியே இந்தக் கவரின் வேலையையும் பார்க்கும். சாதாரண டாப் கவர் என்றால் அது இல்லாமல் வண்டி ஓடினாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மாட்டியே வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறையாவது தூக்கிப் பாருங்கள். அந்த ஸ்பாஞ்சைப் பிய்த்துப்போட்டு எலி கூடு கட்டும், அடுத்து ஒயரைக் கடிக்கும். அதைவிட முக்கியம், சர்வீஸ் முடிந்து வந்ததும் உள்ளே பனியன் வேஸ்ட் எதுவும் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஆயில் ஊறிய துணி சூடான இன்ஜின் மேல் கிடந்தால் தீப்பிடிக்கும்.

அதற்கு அடியில் இருப்பதுதான் டேப்பட் கவர், சிலர் வால்வ் கவர் என்பார்கள். ஆயில் ஊற்றும் மூடி இதில்தான் இருக்கும், பழைய வண்டிகளில் அலுமினியம், இப்போது பல வண்டிகளில் கெட்டியான பிளாஸ்டிக். உள்ளே வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கும், ஆயில் தெறித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆயிலை வெளியே விடாமல் பிடிப்பது கவரின் ஓரத்துக் காடியில் இருக்கும் ஒரு ரப்பர் கேஸ்கட். சூட்டில் அந்த ரப்பர் நாளடைவில் கல் மாதிரி இறுகிவிடும், பிறகு கசிவுதான். சிக்னலில் நிற்கும்போது ஆயில் கருகிய வாடை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை, ஏனென்றால் கசிகிற ஆயில் நேராக, சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேல் போய் விழும். பெட்ரோல் வண்டியில் இன்னொரு அடையாளம் உண்டு. ஸ்பார்க் பிளக் இருக்கும் குழிக்குள் ஆயில் நிற்கும், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலின் ரப்பர் ஊறிப்போகும், இன்ஜின் மிஸ் அடிக்கும் (விட்டுவிட்டு ஓடும்). அப்போது பிளக்கையும் காயிலையும் மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் அதே தொல்லை திரும்ப வரும், பிளக் குழியைச் சுற்றியுள்ள சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். கேஸ்கட் வாங்கும்போதே அந்த சீல்களும் செட்டில் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

இதை வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு: இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், கவரைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், ஒரு துளி மணல்கூட உள்ளே விழக்கூடாது. போல்ட்டுகளை வெளிப்பக்கத்திலிருந்து நடு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மாட்டும்போது தலைகீழ், நடுவிலிருந்து வெளியே. இவை பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன போல்ட்டுகள், 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் இறுக்கம் தேவைப்படும் (உங்கள் வண்டியின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும்). பலம் எல்லாம் காட்டினால் கவர் விரிசல் விடும், இல்லையென்றால் அலுமினிய மரை போய்விடும். சிலிகான் பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்புவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள். டைமிங் கவரும் (அதைப் பிறகு பார்ப்போம்) இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டும் சேரும் மூலை மாதிரி மேனுவல் சொல்லும் இடங்களில் ஒரு பொட்டு போதும். அதிகமாக வைத்தால் பிதுங்கி உள்பக்கம் உதிர்ந்து கீழே போய் ஆயில் பம்ப்பின் வலையை அடைக்கும், அதன்பிறகு ஆகிற செலவு ஒரு கேஸ்கட் விலையில் முடியாது.

புது கேஸ்கட் போட்டும் மறுபடி கசிந்தால் கேஸ்கட்டைத் திட்டாமல் பிசிவி வால்வைப் பாருங்கள். இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் சின்னப் பொருள் அது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே சேர்கிற அழுத்தம் எந்த கேஸ்கட்டையும் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே கொண்டுவரும்.

கேம்ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும் பெல்ட் அல்லது செயின் இருக்கும் பக்கத்தில் டைமிங் கவர். இதைப் பார்த்தே உள்ளே இருப்பது பெல்ட்டா செயினா என்று ஓரளவு சொல்லிவிடலாம். மாருதி 800, பழைய சான்ட்ரோ மாதிரி பெல்ட் வண்டிகளில் இது பிளாஸ்டிக், ஆயிலைப் பிடிப்பதற்கு இல்லை, தூசி, தண்ணீர், கல் பெல்ட்டில் படாமல் இருக்கத்தான். மாருதியின் கே சீரிஸ், ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் மாதிரி செயின் வண்டிகளில் உள்ளே ஆயில் ஓடும், அதனால் சீலன்ட் போட்டு இறுக்கிய உலோகக் கவர் இருக்கும். ஃபோர்டின் ஆரம்பகால 1.0 ஈக்கோபூஸ்ட் விதிவிலக்கு, அதில் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும். பிளாஸ்டிக் கவரின் ஒரு துண்டு உடைந்து போயிருந்தால் "பரவாயில்லை" என்று விடாதீர்கள். சின்னக் கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மாட்டினால் பெல்ட் அறுந்து, பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் கவரின் கீழ் ஓரத்தில் ஆயில் ஈரம் தெரிந்தால் உள்ளே கேம் சீலோ கிராங்க் சீலோ (சுற்றும் தண்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள்) கசிகிறது. சாதாரண டைமிங் பெல்ட் ரப்பருக்கு ஆயில் ஆகாது, உடனே பார்க்க வேண்டும். செயின் கவரைக் கழற்றுவது வீட்டு வேலை இல்லை, அதை ஒர்க் ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

இன்ஜினுக்கு அடியில் சேம்பர், அதாவது ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப். உயரமான வேகத்தடையில் அடி வாங்குவது இதுதான். இரும்பு சேம்பர் நசுங்கும், அலுமினியம் என்றால் விரிசல் விடும். நசுங்கியது கசியாவிட்டாலும் சும்மா விடக்கூடாது, ஆயில் உறிஞ்சும் வலை அதன் தரையை ஒட்டித்தான் இருக்கிறது, தரை மேலே ஏறினால் ஆயில் போகும் வழி அடைபடும். அடிபட்ட பிறகு ஆயில் விளக்கு எரிந்தால் அதே இடத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அதற்கும் கீழே இருக்கும் பிளாஸ்டிக் அண்டர் கவரை மழைக்காலத்தில் சிலர் வேண்டாத பொருளாகக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். சக்கரம் தெறிக்கும் சேறும் தண்ணீரும் ஆல்டர்னேட்டரிலும் பெல்ட்டிலும் அடிக்காமல் தடுப்பது அதுதான், எனவே மழையில்தான் அதற்கு வேலையே. ஒரே ஒரு குறை, கசிவை மறைத்துவிடும். மேலே சொட்டுகிற ஆயில் இதன் மேல் தேங்கி நிற்கும், வீட்டுத் தரையில் ஒரு பொட்டுகூட விழாது. அதனால் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கவரைக் கழற்றியதும் அதன் உள்பக்கத்தை நீங்களே பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்ஜினைத் துடைத்துவிட்டு சில நாள் ஓட்டி, டார்ச் அடித்து நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்றில் பின்பக்கமும் போகும், அதனால் உச்சியில் இருக்கும் ஈரம்தான் கசிவு ஆரம்பிக்கும் இடம். சேம்பர் நனைந்திருக்கிறது என்பதற்காக சேம்பர் பேக்கிங்கை (அதன் கேஸ்கட்டை) மாற்றச் சம்மதிக்கும் முன் டேப்பட் கவரின் பின் ஓரத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்ஸாஸ்ட் பக்கத்தில் மெல்லிய தகடு ஒன்று இருக்கும், அது ஹீட் ஷீல்டு. போல்ட் துருப்பிடித்தால் அது கடகடவென்று ஆடும், சத்தம் தாங்காமல் கழற்றி வீசிவிடுவார்கள். வேண்டாம். அந்தத் தகடுக்கு அந்தப் பக்கம் பல நூறு டிகிரி சூடு, இந்தப் பக்கம் ஒயரும் ரப்பர் ஹோஸும். பெரிய வாஷர் வைத்துப் புது போல்ட் போட்டால் சத்தம் நின்றுவிடும்.

கடைசியாக ஃபியூஸ் பெட்டி மூடி. வாட்டர் வாஷுக்கு விடும் முன் அது நாலு பக்கமும் கிளிக் ஆகியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அண்டர் கவரின் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொரு சர்வீஸிலும் இரண்டு மூன்று காணாமல் போகும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உங்கள் வண்டி மாடலைச் சொல்லி ஒரு பாக்கெட் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள், சர்வீஸில் கிளிப்புக்குப் பதில் கேபிள் டை போட்டுக் கட்டி அனுப்பப் பார்த்தால் அந்த இடத்திலேயே கிளிப்பை எடுத்துக் கொடுக்கலாம்.