முதல் மனை வாங்குவதற்கு முன்: வேனில் ஏறியவர்கள் செய்யும் தவறுகள்

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மனை விற்பவர்களின் வேன் வந்து நிற்கும். பெருங்களத்தூரில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் ஏதோ ஒரு பொட்டலில் இறக்கிவிடுவார்கள். செம்மண் சாலை, வெள்ளையடித்த எல்லைக் கற்கள், நுழைவாயிலில் ஒரு வளைவு, ஓரத்தில் ஷாமியானா. மதியம் பிரியாணி. இன்றே முன்பதிவு செய்தால் சதுர அடிக்கு 100 ரூபாய் குறைவு, ஒரு கிராம் தங்கக் காசு இலவசம். "சார், கார்னர் மனை ஒன்றுதான் பாக்கி" என்று ஒருவர் காதோடு சொல்வார். அந்தக் கார்னர் மனை எல்லா ஞாயிறும் பாக்கியாகவே இருக்கும்.

2009இல் நானும் அப்படி ஒரு வேனில் போனவன்தான். செங்கல்பட்டுக்கு அப்பால் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி. பையில் இருந்த 5,000 ரூபாயை அங்கேயே எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பத்திர நகலைக் கேட்டேன். முதலீடாக நிலம் வாங்க வருபவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இந்த வரிசை மாற்றம்தான். பணம் கைமாறியதும் மனம் விற்பவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அதன் பிறகு வழக்கறிஞர் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினால், குறை கண்டுபிடித்தவர் மீதுதான் கோபம் வருகிறது.

என் மனை "பஞ்சாயத்து அப்ரூவல்" பெற்றது என்றார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை. ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால் மட்டும் அது மனைப்பிரிவு அனுமதி ஆகிவிடாது. சென்னைப் பெருநகர எல்லைக்குள் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, மற்ற இடங்களில் நகர் ஊரமைப்புத் துறையான டிடிசிபி ஒப்புதல் தந்த வரைபடம் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அந்த ஆண்டின் இறுதியில்தான் மகளின் கல்லூரிச் செலவுக்காக மனையை விற்க அலைந்துகொண்டிருந்தேன். ஏழு ஆண்டுகளாகச் சொத்து என்று நினைத்திருந்தது, பணம் தேவைப்பட்ட மாதத்தில் வெறும் கல் நட்ட தரையாக நின்றது. 2017இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்குள் பதிவான மனைகளுக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் அதற்கும் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மனு, நடை. மலிவாக வாங்கியதன் மிச்சம் அதில் கரைந்தது.

இன்றைக்கு வாங்குபவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடித் திட்டமும் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் அச்சிட்ட பதிவு எண்ணோடு நின்றுவிடாமல், ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குக் காட்டிய மனை அந்த வரைபடத்தில் பூங்காவாக இருக்கலாம். பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய இடத்தை நைசாக மனையாக வெட்டி விற்பது பழைய வித்தை.

வில்லங்கமும் பட்டாவும் மட்டும் போதாது

"இசி கிளியர் சார்" என்பது தரகர்களின் மந்திரம். இசி என்னும் வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானவற்றின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாத எதையும் அது காட்டாது. வாய்மொழிப் பாகப்பிரிவினை, பெட்டிக்குள் இருக்கும் உயில், சிவில் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு, பக்கத்துக் காட்டுக்காரரின் பாதை உரிமை ஆகியவை அதில் தென்படாமல் போகலாம். பதினைந்து ஆண்டுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது முப்பது ஆண்டுக்குப் பாருங்கள். முடிந்தால் பதிவுத்துறை இணையதளம் எவ்வளவு பின்னே போகிறதோ அவ்வளவு பின்னே போங்கள்.

பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது. 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது பெயர், பரப்பு, உட்பிரிவு எண் தவறாக ஏறிய நிலங்கள் இன்னும் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. பத்திரத்தில் 40 சென்ட், பட்டாவில் 36 சென்ட் என்றால் எஞ்சிய நான்கு சென்டுக்கு, அதாவது 1,742 சதுர அடிக்கு, நீங்கள் காசு கொடுக்கப் போகிறீர்கள். அது தரையில் இருக்கிறதா என்பதை, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படமும் நில அளவரின் சங்கிலியும்தான் சொல்லும்.

தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது பழைய மூலப் பத்திரத்திலிருந்து, இன்றுவரை கை மாறிய ஒவ்வொரு படியும் கண்ணியறாமல் வர வேண்டும். கண்ணி அறுவது பெரும்பாலும் ஒரு மரணத்தில்தான். தந்தை உயில் எழுதாமல் இறந்திருப்பார். இரண்டு மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருப்பார்கள். "அக்காவுக்கு அப்போதே நகை போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டோம்" என்று சொல்வார்கள். நகை போட்டது குடும்ப வழக்கம், பங்கு என்பது சட்டம். தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மகளுக்கும் தாய்க்கும் மனைவிக்கும் பங்கு கொடுத்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இல் அப்போது மணமாகாத மகள்களையும், நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல் எல்லா மகள்களையும் மகனோடு சமமாக உட்காரவைத்தன. எனவே வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு பெயர் மைனராக இருந்திருந்தால், அந்தப் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி பெற்றார்களா என்றும் கேளுங்கள்.

பவர் பத்திரம், அதாவது பொது அதிகாரப் பத்திரம், இன்னொரு பள்ளம். வெளிநாட்டில் இருப்பவரின் சார்பில் தம்பி விற்பது நியாயமான காரியம்தான். ஆனால் பொது அதிகாரப் பத்திரமே கிரயப் பத்திரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதாரணமாக, கொடுத்தவர் இறந்தால் பவரும் அவரோடு போய்விடும். பவர் ஏஜெண்டோடு மட்டும் பேசி முடிக்காமல் உரிமையாளரோடு வீடியோ அழைப்பிலாவது பேசுங்கள். அதற்குத் தடை சொல்கிறவரிடம் வாங்க வேண்டிய மனை எதுவும் இந்த மாநிலத்தில் இல்லை.

கோயில் நிலம், வக்ஃப் நிலம், பூமிதான நிலம், பஞ்சமி நிலம், மேய்க்கால், ஓடைப் புறம்போக்கு: இவற்றில் எதுவும் உங்கள் சர்வே எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் செலவும் ஒரு நாள் அலைச்சலும் ஆகும். இருபது லட்ச ரூபாய்க்கு ஒரு நாள் கொடுக்கலாம்.

தண்ணீருக்கு ஞாபகம் உண்டு

மனையைக் கோடையில் காட்டுவார்கள், நீங்கள் ஐப்பசியில் போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் என்ன ஆயின என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் சுவரில் கோடு காட்டுவார்கள். தாங்கல் என்று முடியும் ஊர்ப்பெயரில் ஒரு சிற்றேரி ஒளிந்திருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரிதான் இல்லை. கிராம வரைபடத்தில் உங்கள் மனைக்கு மேற்கே ஓர் ஏரியும் கிழக்கே ஓர் ஏரியும் இருந்தால், ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிந்த நீர் இரண்டுக்கும் நடுவே எந்த வழியில் ஓடியது என்று மாடு மேய்க்கிற பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

போகிற பாதையையும் கவனியுங்கள். காரை நிறுத்திவிட்டு நீங்கள் நடந்து போன கடைசி நூறு மீட்டர் யாருடைய நிலம்?

கணக்கு போடாமல் வாங்குவது

"பத்து வருடத்தில் இரண்டு மடங்கு" என்று சொன்னவுடன் மயங்கிவிடுகிறோம். போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி, அடி 1,500 ரூபாய், மொத்தம் 18 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,62,000 ரூபாய். தரகு, வழக்கறிஞர் கட்டணம், பட்டா மாற்றம், கம்பி வேலி எல்லாம் சேர்த்தால் 20 லட்சத்தைத் தொட்டுவிடும். இதே 20 லட்சத்தை 7 சதவீத வட்டியில் வைப்பு நிதியில் போட்டால் பத்து ஆண்டில் ஏறத்தாழ 39 லட்சம். வைப்பு நிதியை எட்டிப் பிடிக்கவே உங்கள் மனை அடி 3,280 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். இரண்டு பக்கமும் வரி உண்டு, அதை விட்டுவிடுவோம். "இரண்டு மடங்கு" என்பதன் உண்மையான பொருள், இத்தனை அலைச்சலுக்குப் பிறகு வங்கியைவிடக் கொஞ்சம் பின்தங்கியிருக்கிறோம் என்பதே.

கடன் வாங்கி வெறும் மனை வாங்குபவர்களின் கணக்கு இன்னும் மோசம். மனை வாடகை தராது, தவணை மட்டும் மாதாமாதம் போகும். வீடு கட்டாதவரை வீட்டுக் கடனுக்கான வரிச் சலுகையும் கிடைக்காது.

அடுத்தது கறுப்பு வெள்ளை விவகாரம். 30 லட்ச ரூபாய் மனையை, பதிவுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பான 18 லட்சத்துக்குப் பதிவு செய்யலாம், 12 லட்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். பதிவில் 1,08,000 ரூபாய் மிச்சம். சில ஆண்டுகள் கழித்து அதை 40 லட்சத்துக்கு முழு வெள்ளையில் விற்கிறீர்கள். உண்மையான லாபம் 10 லட்சம், காகிதத்தில் 22 லட்சம். 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரிப்படி ஒன்றேகால் லட்சத்துக்குப் பதிலாக இரண்டே முக்கால் லட்சம் கட்டுவீர்கள். மிச்சம் பிடித்ததைவிட இழந்தது அதிகம். மனையை விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால் அதே அளவு தொகை அவருக்கு அபராதமாக வரலாம். ஏமாற்றப்பட்டால், ரசீது இல்லாத அந்த 12 லட்சத்தை எந்த நீதிமன்றத்தில் போய்க் கேட்பீர்கள்? விலை 50 லட்சத்தை எட்டினால் வாங்குபவரே 1 சதவீத வரியைப் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு நோட்டீஸ் வந்த பிறகு ஆடிட்டரிடம் ஓடுபவர்கள் பலர்.

வரப்போகிறது, வரப்போகிறது

விமான நிலையம் வரப்போகிறது, வட்டச் சாலை வரப்போகிறது என்பதற்காக வாங்குவது சூதாட்டம் என்று சொல்லமாட்டேன், ஆனால் காலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு 2019 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டினார்கள், 2023 டிசம்பர் இறுதியில்தான் திறந்தார்கள். பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிப்பு வந்ததும் சுற்றுவட்டார மனைகளின் விலை பறந்தது. ஆனால் திட்டப் பகுதிக்குள் விழுந்த நிலம் கையகப்படுத்தப்படும், வெளியே விழுந்தது காத்திருக்கும். நீங்கள் வாங்கப் போகும் நாளுக்கு முன்பே விலையில் அது ஏறிவிட்டிருக்கும் என்பதுதான் புதியவர்களுக்குப் புரியாத இடம். பிரசுரத்தில் "பத்தே நிமிடம்" என்றால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

பண்ணை நிலம் என்ற பெயரில் ஐந்து சென்ட், பத்து சென்ட் வெட்டி, மாமரமும் நாங்களே நட்டுப் பராமரித்து லாபம் தருகிறோம் என்பவர்களைப் பற்றி ஒரு வரி போதும்: 1990களில் தேக்கு மரத் திட்டங்களில் பணம் போட்டு ஏமாந்த உங்கள் பெரியப்பாவைக் கேளுங்கள்.

பதிவு முடிந்து இனிப்பு கொடுத்ததோடு பலர் மனையை மறந்துவிடுகிறார்கள். பட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே பல ஆண்டு நிற்கும். அவருடைய பிள்ளைகள் அதைக் காட்டி வேறொருவரிடம் முன்பணம் வாங்கிவிட முடியும். நான் வரன்முறைப்படுத்த நில அளவரைக் கூட்டிக்கொண்டு போனபோது என் நான்கு கற்களில் இரண்டைக் காணோம். பக்கத்து மனைக்காரர் என் எல்லைக்குள் மூன்றடி வந்து மாட்டுக் கொட்டகை போட்டிருந்தார். நல்ல மனிதர், மோர் கொடுத்தார், கல் எங்கே என்று தனக்குத் தெரியாது என்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கேட்பாரில்லாமல் அந்தக் கொட்டகை நின்றிருந்தால் எதிரிடை அனுபவ உரிமை என்று நீதிமன்றம் போயிருக்கலாம், எட்டாவது ஆண்டிலேயே போனதால் பேச்சோடு முடிந்தது. இப்போது கம்பி வேலி போட்டிருக்கிறேன். பொங்கலுக்கு ஒருமுறை போய் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், திரும்பி வந்ததும் என் சர்வே எண்ணுக்கே வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன். இணையத்தில் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது.